ஆகாயத்தில் பரீட்சை எழுதிய குட்டிக் கோள்

உங்கள் வீட்டில் கல்யாணம். ஆயிரம் பேர் சாப்பிட வருகிறார்கள்.

சமையலுக்கு ஆள் தேடுகிறீர்கள். ஒருவர் வருகிறார்.

"ஐயா, நான் பிரமாதமாகச் சமைப்பேன். புதுப் புதுப் பலகாரம் எல்லாம் தெரியும்" என்கிறார்.

"இதற்கு முன் எங்கே சமைத்தீர்கள்?" என்று கேட்கிறீர்கள்.

"எங்கும் இல்லை. உங்கள் வீட்டில்தான் முதல் தடவை!" என்கிறார்.

அவரிடம் கரண்டியைக் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். "நாலு இடத்தில் சமைத்துப் பழகிவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிடுவீர்கள்.

அவர் அடுத்த வீட்டுக்குப் போகிறார். அங்கும் இதே பதில். எல்லோரும் இப்படியே சொன்னால், அவர் எங்கேதான் சமைத்துப் பழகுவது?

இதே சிக்கல் ஆகாயத்திலும் உண்டு!

செயற்கைக் கோள் செய்கிறவர்களிடம் ஒரு விஞ்ஞானி போகிறார். "புது மாதிரி பாட்டரி ஒன்று செய்திருக்கிறேன். எடை குறைவு. சக்தி அதிகம். உங்கள் கோளில் வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்.

"விண்வெளியில் அது வேலை செய்ததுண்டா?" என்று அவர்கள் கேட்கிறார்கள்.

"இல்லை. இனிமேல்தான்."

"அப்படியானால் வேண்டாம். வேலை செய்து காட்டிய பிறகு வாருங்கள்."

விண்வெளிக்குப் போகாமல் எப்படி வேலை செய்து காட்டுவது? வேலை செய்து காட்டாமல் எப்படி விண்வெளிக்குப் போவது? இந்த முடிச்சை அவிழ்த்த ஒரு குட்டிக் கோளின் கதைதான் இது. அந்தக் கோள் புறப்பட்ட இடம் நமக்குப் பக்கத்தில் உள்ள ஸ்ரீஹரிகோட்டா!

பழுது பார்க்க ஆள் இல்லை

"ஏன் இவ்வளவு பயம்? புதுக் கருவியை வைத்துப் பார்த்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம்.

உங்கள் வீட்டு மின்விசிறி நின்றுபோனால், கடைக்காரரைக் கூப்பிடுகிறீர்கள். அவர் ஏணி போட்டு ஏறிச் சரிசெய்கிறார். அறுநூறு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் செயற்கைக் கோளுக்கு யார் ஏணி போடுவது?

அங்கே காற்று இல்லை. வெயில் படும் பக்கம் கொதிக்கும். நிழல் படும் பக்கம் உறையும். சூரியனிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் பாய்ந்து வருகின்றன. அவற்றில் ஒன்று கம்ப்யூட்டரின் உள்ளே புகுந்தால் போதும். 'ஆம்' என்று எழுதியிருந்தது 'இல்லை' என்று மாறிவிடும்!

பூமியிலும் சோதனை செய்கிறார்கள். காற்றை உறிஞ்சி எடுத்த பெரிய அறையில் கருவியை வைத்துப் பார்க்கிறார்கள். ராக்கெட் குலுக்குவது போல் அதைக் குலுக்கிப் பார்க்கிறார்கள். ஆனாலும், எல்லாத் தொல்லைகளும் ஒரே சமயத்தில் வருடக்கணக்கில் தாக்குவதை பூமியில் அப்படியே உண்டாக்க முடியாது. நீச்சலைக் கரையில் படுத்துக் கற்றுக்கொள்ள முடியுமா?

40 விநாடியில் போன உழைப்பு

போகும் இடத்தில் சோதித்துப் பார்க்காவிட்டால் என்ன நடக்கும்? ஐரோப்பியர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

1996-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி. தென் அமெரிக்காவில் கூரு என்ற இடத்திலிருந்து 'ஏரியான்-5' என்ற புத்தம் புதிய ராக்கெட் புறப்பட்டது. அதற்கு அதுதான் முதல் பயணம். அதன் தலையில் 'கிளஸ்டர்' என்ற பெயருடைய 4 விஞ்ஞானக் கோள்கள் இருந்தன.

சுமார் 40 விநாடிகள் ஆயின. ராக்கெட் பாதை மாறிச் சாய்ந்தது. வெடித்துச் சிதறியது! நான்கு கோள்களும் அதோடு போய்விட்டன. பல வருட உழைப்பு, ஒரு பானைச் சோறு வேகும் நேரத்துக்குள் கூட அல்ல, ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரத்துக்குள் அழிந்தது.

காரணம் என்ன? ராக்கெட் எந்தப் பக்கம் போகிறது என்று கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டர் கட்டளைகள், பழைய 'ஏரியான்-4' ராக்கெட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. பழைய ராக்கெட்டில் அவை ஒழுங்காக வேலை செய்தன. புது ராக்கெட் வேறு மாதிரி, அதிக வேகத்தில் பாய்ந்தது. அந்தப் பெரிய எண், கணக்கில் ஒதுக்கியிருந்த இடத்தில் அடங்கவில்லை. கம்ப்யூட்டர் திணறி நின்றுவிட்டது.

புதுப் பாதையின் கணக்கை வைத்து அதை யாரும் முன்கூட்டிச் சோதிக்கவில்லை. அந்த 4 கோள்களுக்குப் பதிலாக, 2000-ம் ஆண்டில் வேறு 4 கோள்களைச் செய்து அனுப்ப வேண்டியதாயிற்று.

காதுகுத்துக்குச் சமைக்கட்டும்!

மறுபடியும் நம்முடைய சமையல்காரரிடம் வருவோம்.

அவருக்கு வழி இல்லையா? இருக்கிறது. கல்யாணத்தை அவரிடம் கொடுக்க வேண்டாம். பேரனுக்குக் காதுகுத்து வருகிறது. இருபது பேர்தான் சாப்பாடு. அதை அவரிடம் கொடுங்கள். சாம்பாரில் உப்புக் கூடினாலும் குடி முழுகிப் போகாது. நன்றாக அமைந்தால், அடுத்த கல்யாணத்துக்கு ஆள் கிடைத்துவிட்டார்!

விஞ்ஞானிகளும் அதைத்தான் செய்தார்கள். பெரிய கோளில் புதுக் கருவியை வைக்கத்தானே பயம்? புதுக் கருவிகளுக்கு என்றே ஒரு குட்டிக் கோளைச் செய்வோம். செலவு குறைவு. தோற்றாலும் பெரிய நஷ்டம் இல்லை. ஜெயித்தால் எல்லோருக்கும் லாபம்.

ஐரோப்பிய விண்வெளி அமைப்பு அப்படி ஒரு கோளைச் செய்ய முடிவு செய்தது. அதற்கு 'புரோபா' என்று பெயர் வைத்தது. லத்தீன் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'சோதித்துப் பார்' என்று பொருள்.

ஒன்றேகால் மூட்டை எடை!

புரோபா பெல்ஜியம் நாட்டில் உருவாயிற்று. அகலம் 60 சென்டிமீட்டர். உயரம் 80 சென்டிமீட்டர். துணி துவைக்கும் எந்திரம் அளவுதான்! எடை 94 கிலோ. 75 கிலோ அரிசி மூட்டைக் கணக்கில் ஒன்றேகால் மூட்டை.

இந்தக் குட்டிக் கோளை ஏற்றிச் செல்ல ஒரு ராக்கெட் வேண்டுமே! இந்தியாவின் 'பி.எஸ்.எல்.வி.' ராக்கெட்டில் இடம் கிடைத்தது. புரோபா ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வந்து சேர்ந்தது.

ஸ்ரீஹரிகோட்டா, பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் உள்ள தீவு. ஆந்திராவைச் சேர்ந்தது. சென்னைக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தூரம்.

2001-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி காலை 10 மணி 23 நிமிடம். ராக்கெட் நெருப்பைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. அதில் மூன்று பயணிகள்.

முதல் பயணி, இந்தியாவின் 'டெஸ்'. எடை 1,108 கிலோ. இதுவும் புதுக் கருவிகளைச் சோதிக்கப் போன கோள்தான். பெயரே 'தொழில்நுட்பச் சோதனைக் கோள்' என்பதன் சுருக்கம். இரண்டாவது பயணி, ஜெர்மனியின் 'பேர்ட்'. காட்டுத் தீயை ஆகாயத்திலிருந்து கண்டுபிடிக்கும் முறையைச் சோதிக்க வந்தது. மூன்றாவது பயணி, நம்முடைய புரோபா.

ஒரே ராக்கெட்டில் மூன்று பரீட்சை மாணவர்கள்! மூவரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

என்னென்ன பரீட்சை?

முதல் பரீட்சை பாட்டரிக்கு. இன்று உங்கள் கைப்பேசியில் 'லிதியம்-அயனி' பாட்டரி இருக்கிறது. அன்று ஐரோப்பியக் கோள்களுக்கு அது புதுசு. அதை எடுத்துக்கொண்டு போன முதல் சில கோள்களில் புரோபாவும் ஒன்று.

புரோபா ஒரு நாளில் சுமார் 15 தடவை பூமியைச் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் வெயில் வரும், இருட்டு வரும். வெயிலில் மின்சாரத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இருட்டில் செலவழிக்க வேண்டும். கைப்பேசிக்குத் தினம் 15 தடவை மின்சாரம் ஏற்றினால் எத்தனை நாள் தாங்கும்? நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது பரீட்சை கம்ப்யூட்டருக்கு. விண்வெளித் துகள்கள் தாக்கினால் கணக்கு தப்பும் என்று சொன்னோம் அல்லவா? தன் கணக்கில் பிழை வந்தால் தானே கண்டுபிடிக்கும் புது மாதிரி 'சில்லு' ஒன்றைப் புரோபாவில் மூளையாக வைத்தார்கள்.

மூன்றாவது பரீட்சை கண்ணுக்கு. நடுக்கடலில் நம் மீனவர்கள் நட்சத்திரத்தைப் பார்த்துத் திசை சொல்வார்கள். புரோபாவிலும் நட்சத்திரம் பார்க்கும் கேமரா உண்டு. டென்மார்க் நாட்டுத் தொழில்நுட்பப் பல்கலைக் கழகம் செய்தது. அது நட்சத்திரங்களைப் படம் பிடிக்கும். தன்னிடம் உள்ள நட்சத்திரப் பட்டியலோடு ஒப்பிடும். "நான் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று தானே சொல்லிவிடும். யாரும் உதவ வேண்டாம்.

நான்காவது பரீட்சைதான் பெரியது. அது சொந்த புத்திக்கு!

சொன்னால் போதும்

பழைய கோள்கள் சின்னக் குழந்தை மாதிரி. "இந்த நேரத்தில் இப்படித் திரும்பு. இத்தனை விநாடி கழித்துப் படம் எடு" என்று பூமியிலிருந்து ஒவ்வொன்றையும் சொல்ல வேண்டும். இரவும் பகலும் பலர் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

புரோபாவிடம் அப்படியல்ல. "இந்த ஊரைப் படம் எடுத்து வா" என்று, அந்த ஊர் பூமியில் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொன்னால் போதும். அந்த ஊருக்கு மேலே தான் எப்போது வருவோம் என்று அதுவே கணக்குப் போடும். அதுவே திரும்பும். அதுவே படம் எடுக்கும். அதுவே பூமிக்கு அனுப்பும்.

எப்படித் திரும்புகிறது? அதற்குள் சுழலும் சக்கரங்கள் இருக்கின்றன. சக்கரம் ஒரு பக்கம் வேகமாகச் சுற்றினால், கோளின் உடம்பு எதிர்ப்பக்கம் திரும்பும்.

நீங்கள் பஸ்ஸில் போகிறீர்கள். சாலையோரத்தில் உங்கள் பாட்டி நிற்கிறார். பஸ் வரும்போது முன்னால் பார்க்கிறீர்கள். நெருங்கும்போது பக்கத்தில் பார்க்கிறீர்கள். தாண்டிய பிறகு கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறீர்கள். பஸ் ஓடினாலும் உங்கள் கண் பாட்டி மேலேயே இருக்கிறது.

புரோபாவும் அப்படித்தான். அது விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறது. அந்த வேகத்திலும் ஒரே இடத்தை ஐந்து கோணங்களில் படம் எடுத்தது! அதற்கென்று 'கிறிஸ்' என்ற இங்கிலாந்துக் கேமரா இருந்தது. நம் கண் பிரித்துப் பார்க்க முடியாத நிறங்களையும் அது பிரித்துப் பார்க்கும். பயிர் பச்சையாக இருக்கிறதா, வாடுகிறதா, ஏரித் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று அந்தப் படங்களிலிருந்து ஆராயலாம்.

இந்தக் கோளோடு பேசும் நிலையம் பெல்ஜியத்தில் ரெடு என்ற கிராமத்தில் இருக்கிறது. அந்தக் கிராமத்துக்கு 'புத்தகக் கிராமம்' என்று பெயர். தெருவுக்குத் தெரு பழைய புத்தகக் கடைகள்!

அண்ணனை மிஞ்சிய தம்பி

புரோபாவுக்குக் கொடுத்த தவணை இரண்டே ஆண்டுகள். பரீட்சை முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைத்தார்கள்.

இரண்டு ஆண்டுகள் முடிந்தன. புரோபா நிற்கவில்லை! ஐந்து ஆண்டு ஆயிற்று. பத்து ஆண்டு ஆயிற்று. படங்கள் வந்துகொண்டே இருந்தன. 60 நாடுகளில் 400-க்கும் அதிகமான ஆராய்ச்சிக் குழுக்கள் அந்தப் படங்களைப் பயன்படுத்தின.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. புரோபா போன சில மாதங்களில், 2002-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி, ஐரோப்பியர்கள் ஒரு பிரம்மாண்டமான கோளை அனுப்பினார்கள். அதன் பெயர் 'என்விசாட்'. எடை 8 டன்னுக்கு மேல். ஒரு பஸ் அளவு!

அண்ணன் ஐந்து ஆண்டு உழைக்க வேண்டும் என்று அனுப்பினார்கள். பத்து ஆண்டு உழைத்தான். அதுவே பெரிய சாதனை. 2012-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் திடீரென்று பேச்சு நின்றுபோயிற்று. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. தம்பியோ அப்போதும் வேலை பார்த்துக்கொண்டிருந்தான்!

2018-ம் ஆண்டு மார்ச் மாதம், பூமியைப் பார்க்கும் ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் கோள்களில் மிக அதிக நாள் உழைத்தது என்ற பெயர் புரோபாவுக்குக் கிடைத்தது. 2021-ம் ஆண்டு அக்டோபரில் 20 ஆண்டுகள் நிறைந்தன. அதற்குள் அது பூமியை ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுற்றிவிட்டது. அந்தப் புது பாட்டரி என்ன ஆயிற்று என்று இனிச் சொல்ல வேண்டுமா?

தம்பிக்குத் தம்பிகள்

மூத்தவன் பரீட்சையில் தேறியதும் தம்பிகள் வந்தார்கள்.

2009-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி, 'புரோபா-2' ரஷியாவிலிருந்து கிளம்பியது. அதில் 17 புதுக் கருவிகள். மூத்தவனின் மூளைக்கு அடுத்த தலைமுறை மூளை இதில் இருந்தது. இது சூரியனைப் பார்க்கும் வேலையையும் செய்தது.

2013-ம் ஆண்டு மே 7-ந் தேதி, 'புரோபா-வி' போயிற்று. உலகத்தின் பயிர் பச்சைகளைப் பார்ப்பது அதன் வேலை. கூடவே ஒரு பரீட்சை. பறக்கும் விமானங்கள் "நான் இன்ன விமானம், இங்கே இருக்கிறேன்" என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். தரையில் உள்ள நிலையங்கள் அதைக் கேட்கும். நடுக்கடலில் யார் கேட்பது? அங்கே நிலையம் இல்லையே! ஆகாயத்திலிருந்து கேட்க முடியும் என்று புரோபா-வி காட்டியது.

கடலுக்கு மேலே பறக்கும் விமானத்தில் உங்கள் மகனோ மகளோ வெளிநாடு போயிருக்கலாம். அந்த விமானம் எங்கே இருக்கிறது என்று தெரிவது சின்ன விஷயமா?

மறுபடியும் ஸ்ரீஹரிகோட்டா

அடுத்தது 'புரோபா-3'. அது தன் மூத்த அண்ணன் புறப்பட்ட இடத்துக்கே வந்தது!

2024-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி. பி.எஸ்.எல்.வி. ராக்கெட் தயாராக நின்றது. புறப்பட ஒரு மணி நேரம் கூட இல்லை. அப்போது புரோபாவின் உந்து சாதனத்தில் ஒரு குறை தெரிந்தது. உடனே பயணத்தை நிறுத்தினார்கள். மறுநாள், டிசம்பர் 5-ந் தேதி மாலை 4 மணி 4 நிமிடத்துக்கு ராக்கெட் கிளம்பியது.

புரோபா-3 ஒரு கோள் அல்ல. இரண்டு கோள்கள்! இரண்டும் சேர்ந்து சுமார் 550 கிலோ.

எதற்கு இரண்டு? சூரியனைச் சுற்றி ஓர் ஒளி வளையம் உண்டு. அங்கே எழும் புயல்கள் பூமி வரைக்கும் வந்து, செயற்கைக் கோள்களையும் மின்சாரக் கம்பிகளையும் பாதிக்கக்கூடும். ஆகவே அந்த வளையத்தை ஆராய வேண்டும். ஆனால் சூரியனின் பிரகாசத்தில் வளையம் கண்ணுக்குத் தெரியாது. முழுச் சூரிய கிரகணத்தின்போது நன்றாகத் தெரியும். அந்தக் கிரகணமோ சில நிமிடம்தான். பூமியில் எங்காவது ஓர் இடத்தில், சுமார் ஒன்றரை ஆண்டுக்கு ஒரு தடவைதான் வரும்.

"கிரகணம் வரும் வரை ஏன் காத்திருப்பது? நாமே உண்டாக்குவோம்!" என்றார்கள் விஞ்ஞானிகள்.

ஒரு கோளில் 1.4 மீட்டர் அகலமுள்ள வட்டத் தட்டு. அது சூரியனை மறைக்கும். 150 மீட்டர் பின்னால், அந்த நிழலுக்குள் இன்னொரு கோள் பறக்கும். அதில் உள்ள கேமரா படம் எடுக்கும்.

சொல்வது சுலபம். நிழலோ ஓர் உள்ளங்கை அளவுதான்! கேமராவின் கண் அந்த நிழலை விட்டு விலகக் கூடாது. இரண்டு கோள்களும் பாய்ந்துகொண்டே, ஒரு மில்லிமீட்டர் கூடப் பிசகாமல் வரிசையில் நிற்க வேண்டும். பூமியிலிருந்து யாரும் பிடித்து நிறுத்த முடியாது. விளக்கு, கேமரா, லேசர் கதிர் இவற்றால் அளந்து அளந்து, தாங்களே நிற்க வேண்டும்.

2025-ம் ஆண்டு மே மாதம் இரண்டும் அப்படி நின்றன! ஜூன் மாதம் முதல் படங்கள் வெளியாயின. கறுப்பு வட்டம். சுற்றிலும் ஒளி வளையம். சந்திரன் இல்லாமலே கிரகணம்!

இரண்டு கோள்கள் இப்படிச் சேர்ந்து நிற்க முடியும் என்பதுதான் இதில் தேறிய பெரிய பாடம். ஒரே ராக்கெட்டில் அடங்காத மிகப் பெரிய தொலைநோக்கியைக் கூட, இனிப் பல துண்டுகளாக அனுப்பலாம். துண்டுகள் ஒட்டாமலே ஒன்றுபோல் வேலை செய்யும்.

யாராவது முதலில் போகவேண்டும்

நம் வீட்டில் தொலைக்காட்சி பார்க்கிறோம். புயல் வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்கிறோம். வழி தெரியாத ஊரில் கைப்பேசி வழி காட்டுகிறது. இவற்றுக்கெல்லாம் பின்னால் பெரிய பெரிய செயற்கைக் கோள்கள் இருக்கின்றன.

அவற்றில் உள்ள ஒவ்வொரு பாட்டரியும், ஒவ்வொரு சில்லும், ஒவ்வொரு சக்கரமும் என்றோ ஒரு நாள் முதல் தடவையாக ஆகாயத்துக்குப் போனவைதான். அன்று "போய்த்தான் பார்ப்போமே" என்று யாரோ துணிந்தார்கள். அந்தத் துணிச்சலில் பெரிய நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் இந்தக் குட்டிக் கோள்கள்.

உங்கள் பேரனின் காதுகுத்துக்கு ஒரு புதுச் சமையல்காரர் வந்தால், சட்டென்று விரட்டிவிடாதீர்கள். இருபது பேருக்கு இலை போட்டுப் பாருங்கள்!